ஓர் இரவுக்கு எவ்வளவு?



கோவளத்தில் பழைய கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. நிக்காஹ் முடிந்ததும் அதுபோன்ற இடங்களில் இரண்டு இரவு தங்க நம் விழுப்புரம், திண்டிவனம் பிள்ளைகள் சிலர் ஆசைப்படுகிறார்கள். ஆசை தவறல்ல, ஹலாலான இன்பத்தை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் 7,500 ரூபாயைத் தாண்டிய அறைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. அதையும் கடனில் கட்டிவிட்டு மாதாமாதம் வட்டி கொடுக்கிறோம். வீண்விரயத்தோடு வட்டியும் சேர்ந்தால் பரக்கத் எங்கே நிற்கும்?

வசதியுள்ளவர் போய் வரட்டும். ஓர் இரவைக் குறைத்து, அந்தத் தொகையில் ஓர் ஏழைப் பிள்ளையின் கல்விக் கட்டணத்தைக் கட்டட்டும். வசதியில்லாதவருக்கு நம் மாவட்டத்திலேயே மரக்காணம் கடற்கரை இருக்கிறது. கட்டுச்சோறோடு போய் வரலாம். அதுவும் அதே வங்கக் கடல்தான். கடன் இல்லாமல் இல்லறம் தொடங்க அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்புரிவானாக, ஆமீன்.