வீட்டிற்கு வந்த ஆமைக்குஞ்சு



'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா' என்பது நம் ஊர்ப் பழமொழி. பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்த நம் குடும்பங்களில், பாட்டி இப்பழமொழியைச் சொல்லி முடிக்குமுன்பே பேரப்பிள்ளை கடைத்தெருவிலிருந்து ஆமைக்குஞ்சு ஒன்றை வாங்கி வந்துவிடுகிறான். ஆமையால் வீட்டிற்குக் கேடு வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வீட்டால் ஆமைக்குக் கேடு வருவது உண்டு. நாய் பசித்தால் குரைக்கும். பூனை காலைச் சுற்றி வரும். ஆமையோ ஓசையின்றி இருக்கும். ஓசையின்றியே மெலிந்து சாகும். ஆகவே அதற்கு வேண்டியவற்றை அது கேளாமலே நாம் அறிந்து செய்தல் வேண்டும்.

முதலில், வந்திருப்பது எந்த ஆமை என்று பாருங்கள். ஓட்டின்மீது மஞ்சள் நிறத்தில் நட்சத்திரக் கோலமிட்டது போலிருப்பது நட்சத்திர ஆமை. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலும் அது வாழ்கிறது. அதனையும், நம் நாட்டு ஆறு குளங்களுக்குரிய ஆமைகளையும் வீட்டில் வைத்திருத்தல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு விரோதமானது. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது யாரேனும் அன்புடன் தந்தாலும் வாங்கி வரலாகாது.

கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது வேறொன்று. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. செங்காது ஆமை எனப்படும் இது, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைத் தாயகமாக உடையது. நீரில் நீந்தி, கரையேறி வெயில் காயும் இனம். இன்று உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, நன்கு வளர்ந்தால் 25 சென்டிமீட்டர் நீளத்தையும் எட்டக்கூடும். ஆகவே கடைக்காரர் தந்த சிறு பிளாஸ்டிக் பெட்டி அதற்கு வீடாகாது. அது தாராளமாக நீந்தத்தக்க தொட்டியும், உடல் முழுவதும் நனையாமல் ஏறி அமரத்தக்க கல்லோ பலகையோ ஒன்றும் வேண்டும். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போனபின் ஊற்றுவது நல்லது.

அடுத்தது உணவு. சோறு, ரொட்டி, பால், பிஸ்கட் ஆகியவை ஆமைக்கு உரியன அல்ல. காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்ப்பதும் தவறு. ஆமைக்கென்றே செய்யப்பட்ட தீனியை அடிப்படையாகக் கொண்டு, மண்புழு, முள்ளோடு கூடிய சிறு மீன் ஆகியவற்றை இடையிடையே தரலாம். குஞ்சாயிருக்கும்போது புலால் உணவை மிகுதியாக நாடும் இவ்வாமை, வளர வளர இலைகளையும் விரும்பி உண்ணும். முருங்கை இலையும், துருவிய காரட்டும், பூசணியும் நல்லவை. வடநாட்டுச் சந்தையில் மலிந்து கிடைக்கும் பாலக்கீரையை அடிக்கடி தரவேண்டாம். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் சேராதபடி தடுக்கும். குஞ்சுக்கு நாள்தோறும் ஒரு வேளை, அதன் தலையளவு தீனி போதும். நீருக்குள் இருந்தால்தான் இவ்வாமையால் உணவை விழுங்க முடியும். தீனி வேளையில் வேறொரு பாத்திரத்து நீரில் விட்டு ஊட்டினால் தொட்டி நீர் அழுகாது.

ஓடு வலுப்பெறச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நாம் 'கடல் நுரை' என்று கேட்டு வாங்குவதை வடநாட்டுக் கடைக்காரர் 'சமுத்ரபேன்' என்பார். அதில் ஒரு துண்டைத் தொட்டியில் மிதக்கவிட்டால் ஆமை கொறித்துக்கொள்ளும். எனினும் வெயில் இன்றேல் அச்சத்து உடலில் சேராது. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஆகையால் மாடத்தில் நேர் வெயிலில் சிறிது நேரம் வையுங்கள். பாதி இடம் நிழலாக இருக்கட்டும். காக்கையும் பூனையும் அணுகாதபடி ஒருவர் அருகிலிருக்கட்டும். வடநாட்டுக் கோடை நண்பகலில் இதைச் செய்யலாகாது. சிறிது நேரத்தில் உயிர் போய்விடும்.

குளிர்காலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சென்னையில் வளர்ந்த நமக்கு அது புதிது. தில்லியில் சனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். ஆமையின் உடலுக்குச் சொந்தச் சூடு இல்லை. நீர் குளிர்ந்தால் அதன் செரிமானம் நிற்கும். உண்டது வயிற்றிலேயே கெடும். தூங்குகிறது என்றெண்ணி நாம் வாளாவிருப்போம். மீன் தொட்டிக்கென விற்கும் ஹீட்டரும் வெப்பமானியும் வாங்கி, குஞ்சு இருக்கும் நீரை 26 டிகிரியளவில் வைத்திருங்கள். ஓடு மெத்தென்று அமுங்கினாலும், கண்கள் வீங்கி மூடிக்கொண்டாலும், நீந்தும்போது உடல் ஒருபக்கம் சாய்ந்தாலும், கைவைத்தியத்தை விட்டுக் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

குழந்தைகளின் நலனும் முக்கியம். நலமாகத் தோன்றும் ஆமையிடமும் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம். இதன் காரணமாகவே அமெரிக்காவில் 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை 1975இல் தடை செய்யப்பட்டது. தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தொட்டியைச் சமையலறையில் கழுவுதல் கூடாது. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகள் தொலைவிலிருந்து பார்த்து மகிழட்டும்.

கடைசியாக ஒன்று. நன்கு பேணினால் இவ்வாமை 30 ஆண்டுகள் வரையும் வாழக்கூடும். அதற்குள் நமக்கு எத்தனையோ ஊர்களுக்கு மாற்றல் வந்துவிடும். அப்போது சிலர் புண்ணியம் என்றெண்ணி அதனை யமுனையிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். குவாஹாத்தி உக்ரதாரா ஆலயக் குளத்தில் 2018ஆம் ஆண்டு செங்காது ஆமை காணப்பட்டது இவ்வாறான செயல்களின் விளைவே. அயல்நாட்டு ஆமை அங்கே நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும், நோயையும் பரப்பக்கூடும். வளர்க்க இயலாவிட்டால், பொறுப்புள்ள வேறொருவரிடம் ஒப்படையுங்கள். அல்லது வனத்துறையினரைக் கலந்து கொள்ளுங்கள். அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பது குறித்த விதிகளையும் அவர்களிடமே கேட்டறியலாம்.

குழந்தை ஆமை கேட்டால், உடனே கடைக்குச் செல்லாமல் ஒரு மாலைப் பொழுதேனும் இவற்றையெல்லாம் எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுப் பொறுப்பை ஏற்க மனமிருந்தால் வாங்குங்கள். இல்லையேல், வேண்டாம் என்பதே அந்த வாயில்லா உயிருக்கு நாம் செய்யும் நன்மை.