சுவருக்கு அந்தப் பக்கம்: 1988 வெம்ப்ளி ஒலிப்பதிவைக் கேட்டல்



நாம் எவரை நினைத்து இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போவார். அதை மேடைக்கு முன்னால் வைக்கமாட்டார், சனங்களுக்கு நடுவில் வைப்பார். பேச்சு சரியாகப் பதியாதே என்று கேட்டால், “பேசுறவரு பேச்சு எப்படியும் அச்சுல வந்துரும். சனம் எந்த இடத்துல அமைதியாச்சு, எந்த இடத்துல எந்திரிச்சுப் போச்சுன்னு எவன் எழுதப்போறான்?” என்பார்.

அந்தக் கேள்வியோடுதான் இந்த உரையைத் தயாரித்தோம். இது ஒருவர் எழுதிய உரை அல்ல. எங்கள் வாசிப்பு வட்டத்தில் சிலர் கூடி ஒரு ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பேசி, சண்டை போட்டு எழுதியது. 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ராக் இசை நிகழ்ச்சியின் பதிவு அது. அதிலும் நாங்கள் கேட்டது ஒரே ஒரு பெண்ணின் குரலை. அவர் ட்ரேசி சாப்மன்.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நெல்சன் மண்டேலாவுக்கு 70 வயது நிறைவதை ஒட்டி நடந்த நிகழ்ச்சி அது. மண்டேலா அப்போது போல்ஸ்மூர் சிறையில் இருந்தார். 1962இல் கைதானவர் 26 ஆண்டுகளாக வெளியே வரவில்லை. அவருடைய பேச்சையோ படத்தையோ தென்னாப்பிரிக்காவில் வெளியிடவே தடை இருந்தது. பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசைப் பயங்கரவாத அமைப்பு என்று சொல்லியிருந்தார். அந்த நாட்டின் தலைநகரில் சுமார் 72,000 பேர் கூடினார்கள். மண்டேலாவை விடுதலை செய்யக் கோரி 1984இலேயே பாட்டு வெளியிட்ட ஜெர்ரி டேமர்சும், நிகழ்ச்சி அமைப்பாளர் டோனி ஹாலிங்ஸ்வொர்த்தும் இதற்கு முக்கியக் காரணம். ஸ்டிங், விட்னி ஹூஸ்டன், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்று அன்றைய பெரிய பெயர்கள் பலவும் மேடை ஏறின. பதினொரு மணிநேரத்துக்கு மேல் நடந்த நிகழ்ச்சியைப் பி.பி.சி. ஒளிபரப்பியது. உலகின் பல நாடுகளுக்கும் அது போனது.

அந்தப் பெரிய பெயர்களில் சாப்மன் இல்லை. அவருக்கு வயது 24. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக் கறுப்பினப் பெண். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர். படிக்கும்போதே தெருவோரத்தில் கிதார் வாசித்துப் பாடியவர். முதல் இசைத்தொகுப்பு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிற்பகலில் அவருக்கு மூன்று பாடல்களுக்கு நேரம் கொடுத்தார்கள். பாடிவிட்டு இறங்கிவிட்டார். அத்தோடு அவர் வேலை முடிந்தது.

மாலையில் ஸ்டீவி வொண்டர் பாடுவதாக இருந்தது. அவருடைய இசை முழுக்கச் சின்க்ளேவியர் என்ற கணினிக் கருவியை நம்பி இருந்தது. மேடைக்குப் போகும் நேரத்தில் அதன் வன்தட்டைக் காணவில்லை. அது இல்லாமல் பாட முடியாது என்று அவர் திரும்பிவிட்டார். பிறகு வேறு கருவிகளோடு வந்து பாடினார் என்பது வேறு விஷயம். அந்த இடைவெளியில் உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் மேடை காலியாக நிற்கிறது. கருவிகளை மாற்றிக் கட்ட நேரமில்லை. ஒரு மைக்கும் ஒரு கிதாரும் போதும் என்று சொல்லக்கூடியவர் யார்? சாப்மனை மறுபடியும் அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. இதைப் பலரும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. பெரிய ஆள் வராதபோது இட்டு நிரப்ப நம்மைக் கூப்பிடுவது நமக்குத் தெரியாத சங்கதியா? எத்தனை கருத்தரங்கில் கடைசி நேரத்தில், “உங்க ஆளுங்க யாராவது இருந்தா அனுப்புங்க” என்று போன் வந்திருக்கிறது? மேடை எப்படிக் கிடைத்தது என்பதைவிட, கிடைத்த சில நிமிடங்களில் அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

முதலில் பாடியது ‘ஃபாஸ்ட் கார்’. முதல் தடவை நாங்கள் வார்த்தைகளைக் கேட்டோம். குடிகார அப்பனைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்ட ஒரு பெண், கார் வைத்திருக்கும் ஒருவனோடு ஊரைவிட்டுப் போகிறாள். கடையில் காசு வாங்கிப் போடும் வேலை பார்க்கிறாள். நல்ல வீடு, நல்ல வாழ்க்கை என்று கனவு காண்கிறாள். கடைசியில் அவனும் குடிக்கிறான், பிள்ளைகளைக்கூடப் பார்ப்பதில்லை. அப்பனிடமிருந்து ஓடியவள் இன்னொரு அப்பனிடம் வந்து சேர்கிறாள். இருப்பதா போவதா என்பதை நீயே முடிவு செய் என்று அவனிடம் சொல்வதோடு பாட்டு முடிகிறது.

இரண்டாம் தடவை கிதாரை மட்டும் கேட்டோம். ஒரு சின்ன விரலோட்டம் ஆரம்பத்திலிருந்து செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவள் வாழ்க்கை எதுவோ அதையே கிதாரும் சொல்கிறது. பல்லவி வரும் இடத்தில் மட்டும் விரல் தந்திகளை வீசி அடிக்கிறது. காரில் வேகமாகப் போகும்போது தானும் ஒரு ஆள்தான் என்று அவளுக்குத் தோன்றிய நினைவு வரும் இடம் அது. ஸ்டுடியோப் பதிவில் இந்த இடத்தில் டிரம்ஸ் வந்து தூக்கிக்கொடுக்கும். வெம்ப்ளியில் டிரம்ஸ் இல்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் அந்த வேகத்தை ஒரு கைதான் உண்டாக்கவேண்டும். உண்டாக்குகிறது. அடுத்த சரணத்தில் மறுபடி செக்குக்குத் திரும்பிவிடுகிறது.

மூன்றாம் தடவை, நம் தோழர் சொன்னபடி, சனங்களைக் கேட்டோம். இவ்வளவு பெரிய கூட்டத்தின் இரைச்சல் தனித்தனிக் குரலாகக் கேட்பதில்லை, கடலோரம் மாதிரி ஒரே முழக்கமாகக் கேட்கிறது. அவர் அதைவிடச் சத்தமாகப் பாட முயலவில்லை. கையமர்த்தி அமைதி கேட்கவும் இல்லை. தன் அளவிலேயே பாடுகிறார். நாம் மேடையில் கத்திப் பழகியவர்கள். கத்துவதற்கு நியாயமான காரணமும் நமக்கு உண்டு. ஆனால், குரலை உயர்த்தாமலே கேட்கவைக்கும் தைரியம் ஒன்று இருக்கிறது என்பதை இந்தப் பதிவு காட்டுகிறது. சொல்லப்போகும் விஷயத்தின் மேல் உள்ள நம்பிக்கையிலிருந்து வரும் தைரியம் அது.

இதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் சொல்கிறார்கள். ‘ஃபாஸ்ட் கார்’ பிரிட்டனில் ஐந்தாம் இடம், அமெரிக்காவில் ஆறாம் இடம் வரை ஏறியது. இசைத்தொகுப்பு இரண்டு நாடுகளிலும் முதலிடம் பிடித்தது. ஆனால், அன்று மாலை அவர் இன்னொரு பாட்டும் பாடினார். அதன் பெயர் ‘அக்ராஸ் த லைன்ஸ்’. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தப் பாட்டில் ஒரு ஊர் வருகிறது. ரயில் தண்டவாளம் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரிக்கிறது. ஒரு கறுப்பினச் சிறுமி தாக்கப்படுகிறாள். பத்திரிகையில் செய்தி வருகிறது, கலவரம் மூள்கிறது, பையன்கள் சாகிறார்கள். அந்தச் சிறுமியின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால், எல்லாவற்றுக்கும் காரணம் அவள்தான் என்று பழி மட்டும் அவள் மேல் விழுகிறது.

இதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஊர் எது, சேரி எது என்று பிரிக்கும் கோட்டை அறியாதவர் இந்த அரங்கில் இல்லை. ஒடுக்குமுறைகளுக்கு இடையே உள்ள இந்த உறவு நாம் இன்று கண்டுபிடித்ததும் அல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு அவர்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தே தங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ஒரே மேடை, ஒரே குரல், அடுத்தடுத்த இரண்டு பாட்டு. உலகம் ஏன் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டது? மெட்டு ஒரு காரணம் என்று எங்களில் ஒரு தோழர் வாதிட்டார். இருக்கலாம், ‘ஃபாஸ்ட் கார்’ மெட்டு மனத்தைவிட்டுப் போகாது. ஆனால், அது மட்டும் காரணமல்ல. ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டில் வறுமை இருக்கிறது, அந்த வறுமைக்குக் காரணமானவன் இல்லை. கேட்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்காகக் கண் கலங்கலாம். ‘அக்ராஸ் த லைன்ஸ்’ அந்த வசதியைத் தருவதில்லை. தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று அது கேட்கிறவரைப் பார்த்துக் கேட்கிறது.

2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற வெள்ளையினப் பாடகர் ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டைத் திரும்பப் பாடி, அது கன்ட்ரி இசையில் முதலிடம் பிடித்தது. அதை எழுதிய சாப்மனுக்கு அந்தத் துறையின் சிறந்த பாடல் விருதும் கிடைத்தது. விருது பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், 35 ஆண்டுகள் கழித்தும் திரும்ப வந்தது அதே பாட்டுதான். இன்னொன்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே கிடக்கிறது.

வெம்ப்ளி நிகழ்ச்சிக்கே இது நடந்தது. அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதைச் சுருக்கி ஒளிபரப்பியபோது, நிறவெறி அரசைப் பற்றிய அரசியல் பேச்சுகளை வெட்டியது. பாட்டு வேண்டும், பாடியதற்கான காரணம் வேண்டாம். தலித் எழுத்துக்கும் இதே கத்தரிதான். நம் தன்வரலாறுகளில் பசியைப் படித்து உருகுகிறவர்கள், பசிக்க வைத்தவரின் சாதிப் பெயர் வரும் பக்கத்தில், “இங்கே கலை குறைகிறது” என்கிறார்கள்.

இந்த இடத்தோடு உரையை முடித்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால், எங்கள் வட்டத்தில் இருந்த பெண் தோழர்கள் முடிக்க விடவில்லை. பிற்பகலில் பாடிய பாட்டைக் கேட்டீர்களா என்று கேட்டார்கள். உண்மையில் நாங்கள் அதைத் தாண்டிப் போயிருந்தோம். ‘பிஹைண்ட் த வால்’ என்ற பாட்டு அது. கிதார்கூடக் கிடையாது, வெறும் குரல். பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடி வாங்கி அலறுவதைச் சுவர் வழியாகக் கேட்கிறார்கள். போலீசைக் கூப்பிட்டுப் பயனில்லை. வந்தாலும் தாமதமாக வருவார்கள், புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் தலையிட முடியாது என்பார்கள். பிறகு அலறல் நிற்கிறது. ஆம்புலன்ஸ் வருகிறது.

கறுப்பின மக்களின் விடுதலைக்காகக் கூடிய மேடையில், ஒரு கறுப்பினப் பெண் வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றியும் பாடினார். இப்போது இதைப் பேசினால் இயக்கத்துக்குக் கெட்ட பெயர் என்று அவர் நினைக்கவில்லை. நாம் நினைக்கிறோம். ‘அக்ராஸ் த லைன்ஸ்’ பாட்டைப் பொதுச்சமூகம் கேட்கவில்லை என்று குற்றம்சாட்டுகிறோம். ‘பிஹைண்ட் த வால்’ பாட்டை நாம் கேட்கவில்லை. சாதிக்காரன் அடித்தால் அன்றே கண்டனக் கூட்டம் போடுகிறோம். நம் தெருவில், நம் தோழர் வீட்டில் அலறல் கேட்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுக்கிறோம். இதை எழுதும்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்காமல் இங்கே சொல்கிறோம்.

நிகழ்ச்சி நடந்து இருபது மாதங்களில், 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா விடுதலை ஆனார். பாட்டு சிறைக் கதவைத் திறந்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம். தென்னாப்பிரிக்க மக்களின் ரத்தமும் வேலைநிறுத்தங்களும் உலகின் பொருளாதாரத் தடைகளும் திறந்த கதவு அது. அரசுகள் காதைப் பொத்திக்கொண்டிருந்த காலத்தில் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் ஒரு பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பாட்டு. அதுவே பெரிய வேலை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தோழர் விட்டுப்போன கேசட்டுகள் போலப் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. பறை, ஒப்பாரி, இரவுக் கூட்டங்கள், நம் பாட்டிகள் பேசியவை எல்லாம் அவற்றில் உண்டு. நாடா பூஞ்சை பிடித்துப் போவதற்குள் அவற்றைக் கணினியில் ஏற்றுங்கள். ஏற்றும்போது இரைச்சல் என்று எதையும் வெட்டாதீர்கள். குழந்தை அழுததும், யாரோ எழுந்து போனதும், பின்வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்ததும் அப்படியே இருக்கட்டும். பிறகு உட்கார்ந்து கேளுங்கள். முதலில் மேடையை, அடுத்து சனங்களை. கடைசியாக, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து என்ன கேட்கிறது என்று.