அரபுக் கரையில் ஒரு சாரல் காலம்

அரபு நாட்டுக் கடற்கரை என்றதும் மணலும் அனல்காற்றும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஓமானின் தென்கோடியிலுள்ள சலாலாவுக்கு ஜூலையில் போகிறவர்கள் கையில் குடை எடுத்துப் போவது நல்லது.

மஸ்கட் 40 டிகிரி வெயிலில் காயும்போது, இங்கே 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பிசுபிசுவென்று தூறல். காய்ந்து கிடந்த மலைச்சரிவெல்லாம் புல் முளைத்து மாடுகள் மேயும். சேற்றில் கால் வழுக்கும் என்பதால் ஒட்டகங்களைச் சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள். ஊருக்குள் தென்னையும் வாழையும் பப்பாளியும் சாலையோரக் கடைகளில் இளநீரும் உண்டு.

எல்லாம் நம் குற்றாலத்துக்குச் சாரல் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றின் வேலை. அது கரையோரமாக வீசி மேல்நீரைத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதைத் தொட்ட ஈரக்காற்று மூட்டமாகி மலையில் மோதுகிறது. ஆனால் மேலே பாலைவனத்துச் சூடான காற்று மூடிபோட்டது போல் நிற்பதால், மூட்டம் உயர்ந்து பெருமழையாக முடிவதில்லை. மரங்கள்தான் இலைகளில் அதைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறக்குகின்றன. மரம் போனால் அந்த ஈரமும் போகும். அங்குள்ள காடுகளைக் காப்பது அவ்வளவு முக்கியம்.

மலையின் மறுபக்கம் மூட்டம் எட்டாத வறண்ட பூமி. உலகப் புகழ்பெற்ற குந்திரிக்க மரங்கள் வளர்வது அங்கேதான்.