குழி தோண்டிய விவசாயி



ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்று ஒரு நாடு. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிறது. அதன் வடக்குப் பகுதியில் ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதம்தான் மழை. 1970களில் அந்த மழையும் பொய்த்தது. நிலம் காய்ந்து ஓடு போல இறுகியது. பெய்த கொஞ்ச மழையும் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. பஞ்சம் வந்தது. பலர் ஊரை விட்டுப் போனார்கள்.

யாக்கூபா சவடோகோ போகவில்லை. சந்தையில் மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகங்கள் விற்றவர் அவர். 1980 வாக்கில் கடையை விட்டார். கூர்கா என்னும் ஊரில் விவசாயத்தில் இறங்கினார்.

வயலில் சிறு குழி எடுத்து விதைப்பது அங்கே பழைய வழக்கம். அந்தக் குழிக்கு 'ஸாய்' என்று பெயர். யாக்கூபா குழியைப் பெரிதாக்கினார். ஒரு சாணுக்கு மேல் அகலம், அரைச் சாணுக்கு மேல் ஆழம். அதையும் கோடை வெயிலிலேயே தோண்டினார். "மழைக்கு முன்னாலே கொத்துகிறானே, பைத்தியமா?" என்று ஊர் சிரித்தது.

குழிகளில் சாணமும் இலைதழையும் போட்டார். அதைத் தேடிக் கறையான் வந்தது. வீட்டு நிலைக்கதவில் கறையான் ஏறினால் யாருக்கும் வயிறு எரியும். இங்கே அதுதான் கூலி கேட்காத வேலையாள். எருவைத் தின்றது. இறுகிய மண்ணுக்குள் துளை துளையாகப் போட்டது. மழை வந்ததும் துளை வழியே தண்ணீர் இறங்கியது. வேருக்குக் கீழே ஈரம் தங்கியது. நடுவில் சில நாள் மழை நின்றாலும் பயிர் தாங்கியது. ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்க, வயலின் குறுக்கே கற்களையும் வரிசையாக அடுக்கினார்.

கம்பும் சோளமும் விளைந்தன. எருவில் கிடந்த மர விதைகளும் முளைத்தன. களை என்று அவர் பிடுங்கவில்லை. வளரவிட்டார். பொறாமையில் சிலர் தீ வைத்தார்கள். மறுபடியும் நட்டார். கடைசியில் 60க்கு மேற்பட்ட வகை மரங்களோடு ஒரு காடே வந்துவிட்டது. மருந்துக்குப் பட்டையும் இலையும் அங்கே கிடைத்தன.

சிரித்தவர்களும் கற்றுக்கொள்ள வந்தார்கள். 1984 முதல் அவர் நிலத்திலேயே விவசாயிகள் கூடினார்கள். விதை கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள்.

பக்கத்தில் இருந்த வாஹிகூயா நகரம் வளர்ந்தது. காட்டுப் பக்கம் வீட்டு மனை அளக்க ஆட்கள் வந்தார்கள். மரம் அவர் வளர்த்தது. ஆனால் நிலத்துக்குப் பட்டா இல்லை. பாடுபட்ட நிலத்துக்கே விலை கொடுக்கச் சொன்னால் ஏழை விவசாயி என்ன செய்வார்? ஒரு பகுதி மனைகளுக்குப் போனது. மீதிக் காட்டுக்காக அவர் முதுமையிலும் போராடினார்.

2018இல் அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' என்னும் உலக விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார். அவர் காட்டிய முறையில், அந்த நாட்டிலும் பக்கத்து நைஜர் நாட்டிலும் விவசாயிகள் கோடையில் குழி தோண்டுகிறார்கள்.