வீட்டுக் கொல்லையில் முண்டு மிளகாய்த் தாய் விதை
(உழவர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



இராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பற்றி உங்களுக்குப் புதிதாக அறிமுகம் தேவையில்லை. உருண்டை வடிவம், தடித்த தோல், நல்ல சிவப்பு, அளவான காரம், தாளிக்கும்போது எழும் மணம் ஆகியவை அதன் அடையாளங்கள். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழையை நம்பி விதைக்கப்படும் மானாவாரிப் பயிர் இது. 2023ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பெயரைக் காத்தால் மட்டும் போதாது. விதையையும் காக்க வேண்டும். முண்டு என்று விதைத்த காட்டில் நீளக் காயும் அரை நீளக் காயும் கலந்து வந்தால், சந்தையில் அதை முண்டு என்று விற்க முடியுமா? ஆகவே, வீட்டுக் கொல்லையில் 20 செடிகள் வளர்த்து, கலப்பில்லாத தாய் விதையை நாமே எடுக்கும் முறையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

விதை எப்படிக் கலக்கிறது?

மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளன. எனவே, தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். இருந்தாலும், தேனீ போன்ற பூச்சிகள் வேறு செடியின் மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். இதனால்தான் மிளகாயில் ஆதார விதைப் பயிருக்கு 400 மீட்டரும், சான்று விதைப் பயிருக்கு 200 மீட்டரும் விலகு தூரம் விட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

“குடமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாய் வைத்தால் குடமிளகாய் காரமாகிவிடுமா?” என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. இந்த ஆண்டுக் காய் காரமாகாது. காயின் சதை தாய்ச் செடியைச் சேர்ந்தது. காரம் உண்டாவது விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டிலேயாகும். ஆனால் காயின் உள்ளே இருக்கும் விதையில் கலப்பு ஏற்பட்டிருக்கும். அதை அடுத்த ஆண்டு விதைத்தால் காய் காரமாகவே வரும். ஏனெனில், காரமில்லாத குணத்தை அடக்கி மேலோங்கி நிற்பது காரக் குணம்.

முண்டு மிளகாய்க்கும் இதே கதைதான். சம்பா மிளகாயின் மகரந்தம் விழுந்தாலும் இந்த ஆண்டுக் காய் உருண்டையாகவே இருக்கும். அடுத்த தலைமுறையில்தான் வடிவமும் காரமும் மாறும். ஆகவே, பழம் உருண்டையாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து விதை எடுத்தால் ஏமாந்து போவோம். பூவிலேயே காவல் போட வேண்டும்.

நாற்றும் நடவும்

ஆவணி மாதத்தில் தொட்டியிலோ மேட்டுப்பாத்தியிலோ நாற்று விடலாம். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். விதையுடன் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். பத்து நாட்களுக்குள் முளைப்பு தெரியும். 40 நாள் நாற்றை வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளியில் நட வேண்டும். 20 செடிகளுக்கு 60 சதுர அடி போதும். குழிக்கு ஒரு கிலோ தொழு உரமும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் இடலாம். தண்ணீர் தேங்கவே கூடாது.

இலைப்பேன் தாக்கினால் இலை மேல்நோக்கிச் சுருளும். சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். தொடக்கத்திலேயே 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்க வேண்டும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டினால் இந்தச் சாறு கிடைக்கும். இதில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். தேமல் கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

பூவுக்கு உறை

முதலில் பிடிக்கும் காய்களை நன்கு கவனியுங்கள். உருண்டையாக இல்லாத காய் தரும் செடிகளைக் களைந்துவிடுங்கள். மீதமுள்ள நல்ல செடிகளில், செடிக்கு இரண்டு கிளைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் இருக்கும் காய்களையும் விரிந்த பூக்களையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். விரியாத மொட்டுகளுடன் அந்தக் கிளைகளை மெல்லிய மல் துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். காலையில் கிளையை இலேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் நன்றாகப் பிடிக்கும். பட்டாணி அளவுக்குக் காய் வந்ததும், உள்ளே இன்னும் விரிந்திருக்கும் பூக்களையும் மொட்டுகளையும் கிள்ளிவிட்டுப் பையை எடுத்துவிடலாம். காய்க் காம்பில் அடையாளத்திற்கு வண்ண நூல் கட்டுங்கள். நூல் இல்லாத காய்கள் எல்லாம் சமையலுக்கு.

விதை எடுப்பும் சேமிப்பும்

நூல் கட்டிய காய்களைச் செடியிலேயே நன்கு பழுக்கவிட்டுப் பறிக்க வேண்டும். கரும்புள்ளி விழுந்த பழம் விதைக்கு ஆகாது. பழ அழுகல் நோய் விதை மூலமும் பரவும். ஒரே செடியிலிருந்து எடுக்காமல், பத்துச் செடிகளிலிருந்தாவது விதை எடுத்துக் கலந்துகொண்டால் இரகத்தின் வளம் குன்றாது. எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் 6 சதத்திற்கு மிகாமல் பார்த்து, காற்றுப் புகாத புட்டியில் இரகத்தின் பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். விதைப்பதற்கு முன் 25 விதைகளை ஈரத் துணியில் சுற்றி வைத்து முளைப்புத் திறனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விதை காடு முழுவதற்கும் போதாது. அதனால்தான் இதைத் தாய் விதை என்றேன். அடுத்த ஆண்டு மற்ற மிளகாய் வயல்களிலிருந்து விலகிய இரண்டு சென்ட் இடத்தில் இதை விதைத்து, கலவன்களை நீக்கிப் பெருக்கினால், அதற்கடுத்த ஆண்டு காட்டுக்குத் தேவையான விதை நம் கையில் இருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் வேலை இன்னும் எளிது.

பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த பி.எம்.கே. 1 மிளகாய்க்கு ஒரு பக்கத்துப் பெற்றோர் நம் முண்டுதான். நாளை வரப்போகும் புதிய இரகங்களுக்கும் இந்தப் பழைய விதை வேண்டும். அது ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும் இருந்தால் போதாது. நம் வீட்டுப் புட்டியிலும் இருக்க வேண்டும். வரும் ஆவணியில் 20 நாற்றுடன் தொடங்குங்கள்.