நடுக்கத்துக்கு முன்னும் பின்னும்

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டிலே நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் ஆராய்ந்த நோயாளர் அறுவரே. அவருட் சிலரைத் தெருவிலே கண்டார். உறக்கக் குலைவையும் மலச்சிக்கலையும் குறித்துவைத்த அப்பெரியார், புலன்களும் அறிவும் பழுதுறா என்று கருதினார். அக்கருத்துப் பொருந்தாதென இன்று அறிவோம்.

என் தமையனார் கணித ஆசிரியராயிருந்தவர். கை நடுங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கறி தீய்ந்த மணம் அவருக்குப் புலப்படாது போயிற்று. கனவிலே சண்டையிடுபவர்போல உறக்கத்திற் கைகால்களை வீசுவார். வயதின் கோளாறு என்றிருந்தோம். நோய் முற்றியபின் ஒருநாள், பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இடைநடுவே நின்றுவிட்டார். நான் அவசரப்பட்டு விடையைக் கூறினேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம்! அவர் முகம் வாடியது. மற்றொருநாள் பொறுத்திருந்தேன். நெடுநேரத்தின் பின் அவரே சரியாகச் சொன்னார். மறந்தாரல்லர், சிந்தனையின் வேகமே குன்றியிருந்தது.

பின்னர், இல்லாத பூனையொன்றைக் கூடத்திலே காணலானார். நாணத்தினால் அதனைச் சில மாதங்கள் வைத்தியரிடம் மறைத்தோம். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகள் சில, மறதியையும் மாயத்தோற்றத்தையும் மிகுவிப்பதுண்டு. உண்மையைச் சொன்னபின் வைத்தியர் அத்தகைய மருந்தொன்றைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். பூனையின் வரவும் அருகிற்று.