பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் உபாத்தியாயர் கவலையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இன்றைய தினம் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கொரோனா என்னும் கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிக்கூடங்களை மறுபடியும் திறப்பதைக் குறித்து நம் மாகாணத்து உபாத்தியாயர்கள் அநுபவித்த நிச்சயமின்மையாகும். நோய் தணிந்து, 2023-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் அவசர நிலைமை நீங்கியதென்று அறிவித்துவிட்ட பிறகு, முடிந்துபோன கதையை எடுத்துப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். தீ அணைந்த பிறகன்றோ அது எவ்வாறு பற்றிற்று என்று சாவகாசமாக ஆராய முடியும்? எரிகிற சமயத்தில் அதற்கு நேரமேது? அன்றியும், நம்மவர் குடும்பங்களில் உபாத்தியாயத் தொழிலைக் கொண்டவர் பலர். பிள்ளைகளை உபாத்தியாயரிடம் ஒப்புவித்திருப்பவர் எல்லோரும். ஆகையால் இஃது அயலார் விஷயமன்று. நம் வீட்டு விஷயமே.

முதலில் நிகழ்ந்தவற்றை வரிசையாக ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2020-ம் வருஷம் மார்ச்சு மாத நடுவில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அக்காலத்தில் உலக முழுவதும் 190-க்கு மேற்பட்ட தேசங்களில் ஏறக்குறைய 160 கோடி மாணாக்கர்கள் பள்ளிக்கூடத்தையும் கலாசாலையையும் விட்டு வீட்டிலிருக்க நேர்ந்தது. நம் மாகாணத்தில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதவேண்டிய பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச்சு 27-ந் தேதி ஆரம்பமாவதாயிருந்தது. அது ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டது; பின்பு ஜூன் 1-ந் தேதி என்றார்கள்; அதன்பின் ஜூன் 15-ந் தேதி என்றார்கள்; ஜூன் 9-ந் தேதி பரீட்சையே இல்லை, அனைவரும் தேறினர் என்று அறிவித்தார்கள். காற்பரீட்சை, அரைப்பரீட்சை மார்க்குகளுக்கு 80 சதவீதமும், வருகைக்கு 20 சதவீதமும் கணக்கிட வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. பயிற்சிக்காக நடத்திய அரைப்பரீட்சை இப்படி ஒரு பிள்ளையின் முடிவான யோக்கியதைக்கே அளவுகோலாகிவிட்டது. இதை முன்னமே அறிந்திருந்தால் பிள்ளையும் வேறுவிதமாக எழுதியிருப்பான். உபாத்தியாயரும் வேறு கவனத்துடன் திருத்தியிருப்பார்.

அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில், பத்து முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் விரும்பினால் அக்டோபர் 1-ந் தேதி முதல் வந்து சந்தேகம் கேட்கலாமென்று உத்தரவு பிறந்தது. அம்மாத முடிவுக்குள் அது நிறுத்திவைக்கப்பட்டது. நவம்பர் 16-ந் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகள் திறக்கப்படும் என்றார்கள். 9-ந் தேதி பெற்றோரின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. 12-ந் தேதி அதுவும் ரத்தாயிற்று. கடைசியாக 2021-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரி 8-ந் தேதி ஒன்பதும் பதினொன்றும் திறக்கப்பட்டன. அவ்வாறு திறந்த 17-ம் நாளே, அதாவது பிப்ரவரி 25-ந் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்று வகுப்பினர் பரீட்சையின்றியே தேறினர் என்ற அறிவிப்பு வந்தது. மார்ச்சு 22-ந் தேதி அவ்வகுப்புகள் மறுபடியும் மூடப்பட்டன. மே மாதத்தில் மந்திரிசபை மாறிற்று. நோயின் போக்கு மாறவில்லை. ஜூன் 5-ந் தேதி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையும் ரத்தாயிற்று. செப்டம்பர் 1-ந் தேதி மேல்வகுப்புகளும், நவம்பர் 1-ந் தேதி ஒன்று முதல் எட்டு வகுப்புகளும் திறந்தன. 2022-ம் வருஷம் ஜனவரியில் மீண்டும் மூடி, பிப்ரவரி 1-ந் தேதி மீண்டும் திறந்தார்கள்.

நான் இவ்வளவு தேதிகளையும் அடுக்கியது எந்தக் கட்சியாரையும் குறைகூறுவதற்காக அன்று. இரண்டு மந்திரிசபைகளின் காலத்திலும் இவ்விதமே நடந்ததென்பதைக் கண்டீர்கள். கேட்கும்போதே நமக்கு மூச்சுத் திணறுகிறதே. இவ்வுத்தரவுகளைக் கையில் வாங்கி நடத்தவேண்டியவருடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து.

ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கடைத்தெருவுக்குப் போனால், “ஐயா, பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்கிறார். “திறந்தால் என் பிள்ளைக்கு நோய் வராது என்று நீங்கள் உறுதி சொல்வீர்களா?” என்று மற்றொருவர் கேட்கிறார். “உங்களுக்கென்ன, வீட்டிலிருந்தபடியே சம்பளம் வருகிறது” என்று மூன்றாமவர் இடித்துரைக்கிறார். மூவருக்கும் அவரால் விடை கூற இயலவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களைப்போல் அன்று காலைப் பத்திரிகையில் படித்ததே. கேள்வி வருவது அவரிடம். விடையோ வேறோரிடத்தில் இருந்தது. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக அவர் இரண்டு வருஷம் நின்றார்.

அவருடைய கவலைகள் மூவகைப்பட்டன.

முதலாவது, உடம்பைப்பற்றிய கவலை. இந்நோய் முதியோரையும் நீரிழிவு முதலிய வியாதியுள்ளவரையும் அதிகமாக வருத்தியது. அந்தச் சமயத்திலேதான் நம் மாகாணத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் வயது 2020-ம் வருஷத்தில் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே, அபாயம் மிகுந்த வயதினர் பலர் வகுப்பறையில் நிற்கவேண்டியவராயினர். வீட்டில் வயோதிகத் தாய் தந்தையரை வைத்திருந்தவரின் மனநிலையைக் கேட்கவேண்டுவதில்லை.

இரண்டாவது, வேலையைப்பற்றிய கவலை. ஓர் அறைக்கு 25 பிள்ளைகளே உட்காரலாமென்றால், 50 பிள்ளைகளுள்ள வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரே பாடத்தை இரண்டு தரம் நடத்தவேண்டும். பாடங்கள் குறைக்கப்படும் என்றார்கள்; எவை நீங்கும், எவை நிற்கும் என்று தெரியும்வரையில் எதைத் தொடங்குவது? தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பாடம் நடந்ததுண்டு. ஆயினும் கைபேசியில்லாத வீட்டுப் பிள்ளை என்ன கற்றான் என்பதை அவன் வகுப்புக்கு வந்த பின்பே அறியக்கூடும். பள்ளிக்கூடம் மூடியிருந்த காலத்திலும் உபாத்தியாயர்கள் சும்மா இருக்கவில்லை. புஸ்தகங்களை விநியோகித்தார்கள், புதிய பிள்ளைகளைச் சேர்த்தார்கள், சென்னை முதலிய இடங்களில் வீடு வீடாகச் சென்று நோய்க் கணக்கெடுத்தார்கள். இவற்றையெல்லாம் கண்டும் அவரை இடித்துரைத்தது தர்மமன்று.

மூன்றாவது, ஜீவனத்தைப்பற்றிய கவலை. இது தனியார் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கே உரியது. மிகக் கொடியதும் இதுவே. 2020-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டார் ஓர் இடைக்கால உத்தரவு செய்தனர். சர்க்கார் உதவி பெறாத பள்ளிக்கூடங்கள் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை ஆகஸ்டு 31-ந் தேதிக்குள்ளும், 35 சதவீதத்தைப் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதத்துக்குள்ளும் வாங்கலாம் என்பது அதன் சாரம். வேலையிழந்த பெற்றோரையும் பள்ளிக்கூடத்தையும் ஒருங்கே காக்கக் கருதிய உத்தரவு அது. நான் அதைக் குறைகூறவில்லை. ஆனால் அதன் பயனைப் பாருங்கள். திறக்கும் நாள் தெரியாததால் இரண்டாம் தவணை வரும் நாளும் தெரியவில்லை; தவணை வரும் நாள் தெரியாததால் சம்பளம் வரும் நாளும் தெரியவில்லை. பாதிச் சம்பளம் பெற்றவர் பலர். ஒன்றும் பெறாதவரும் பலர். பட்டம் பெற்ற உபாத்தியாயர்கள் வயல் வேலைக்கும் காய்கறி விற்பனைக்கும் சென்றதை நாம் கண்ணாரக் கண்டோம். அவ்வேலைகளில் இழிவொன்றுமில்லை. பள்ளிக்கூடம் நாளைக்குத் திறக்குமோ என்று எண்ணி வேறு தொழிலில் நிலைக்கவும் மாட்டாமல், இத்தொழிலை நம்பி இருக்கவும் மாட்டாமல் அவர்கள் தத்தளித்ததுதான் துக்கம்.

இதைக் கேட்டு, உபாத்தியாயர்கள் பள்ளிக்கூடம் மூடியே இருக்கவேண்டுமென்று விரும்பினார்கள் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. மூடியதால் விளைந்த நஷ்டத்தை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? அந்நஷ்டத்தை ஈடுசெய்யவே 2021-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் விழுப்புரம் ஜில்லாவிலே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டு, எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கு அவரவர் வசிக்கும் இடத்திலேயே மாலை நேரத்தில் தொண்டர்கள் பாடம் சொல்ல நேர்ந்தது. எழுத்தை மறந்த குழந்தையை முதலிற் கண்டு வருந்தியவர் அதன் உபாத்தியாயரே.

அப்படியானால் குறை எங்கே? உத்தரவுகள் மாறியதே குறை என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு கூறேன். நோய் பெருகும்போது திறக்கிறேன் என்ற வாக்கைக் காப்பாற்றுவது பிடிவாதமேயன்றித் தீரமன்று. உத்தரவு மாறலாம், ஆனால் எதனால் மாறும், எப்பொழுது மாறும் என்ற விதி முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். மழைக்காலத்தில் குடியானவனுக்கு மழை வரும் நாள் தெரியாது. ஆயினும் ஏரியில் தண்ணீர் இன்ன அளவுக்கு வந்தால் மதகைத் திறப்பார்கள் என்பது தெரியும். ஆகையால் அவன் கலங்காமல் உழுகிறான். நம் உபாத்தியாயர்க்கு மழையும் தெரியவில்லை. மதகின் அளவும் தெரியவில்லை.

இதற்கொரு பழைய உதாரணம் உண்டு. 1918-ம் வருஷத்தில் விஷக் காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, அமெரிக்காவில் அநேக நகரங்கள் பள்ளிக்கூடங்களை மூடின. நியூயார்க் நகரத்துச் சுகாதார அதிகாரியாயிருந்த கோப்லாண்ட் என்பவர் மூடவில்லை. நெருக்கமான குடியிருப்புகளில் வசிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே நல்ல காற்றுள்ள இடம் என்றும், அங்கே வைத்தியர்களும் தாதிகளும் அவர்களைப் பரிசோதிக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். அவர் செய்தது முற்றிலும் சரியா என்பதைப்பற்றி இன்றும் விவாதிக்கலாம். ஆனால் நோய்க்குறி கண்ட பிள்ளையை என்ன செய்வது, யாரிடம் ஒப்புவிப்பது என்ற ஒழுங்கு அங்கே ஏற்படுத்தப்பட்டிருந்தது. நாம் கற்கவேண்டியது அந்த ஒழுங்கையே.

ஆகவே, இனி இத்தகைய காலம் வருமாயின் சர்க்காரிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று. இன்ன அளவு நோய் பெருகினால் மூடப்படும், இன்ன அளவு தணிந்தால் இத்தனை நாள் முன்னறிவிப்புடன் திறக்கப்படும் என்ற விதியை எல்லோரும் அறிய வெளியிடவேண்டும். பெற்றோரை அபிப்பிராயம் கேட்பது நியாயமே. வகுப்பில் நிற்கப்போகிறவரையும் அவ்வாறே கேட்கவேண்டும். தனியார் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரின் சம்பளத்தைத் திறக்கும் நாளோடு முடிச்சுப் போடாமல், அவருடைய குறைந்தபட்ச ஜீவனத்துக்கு வேறு வழி வகுக்கவேண்டும்.

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. வருமானம் குறையாத பெற்றோர்கள் அக்காலத்திலும் கட்டணத்தை நாள் தவறாமல் செலுத்தவேண்டும். அது நிர்வாகிக்குச் செய்யும் தயவன்று, உபாத்தியாயர் வீட்டு அடுப்பு எரிவதற்கு வழி. நம்மவரில் பள்ளிக்கூடம் நடத்துவோர் நல்ல காலத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் சம்பள நிதியாக ஒதுக்கிவைக்கவேண்டும். நம் சங்கமும் வித்தியா நிதியில் ஒரு பகுதியை இடர்ப்பட்ட உபாத்தியாயர்களின் சகாயத்துக்கென்று பிரித்து, அவர் எந்தக் குலத்தினராயினும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் என்ற ஒரே காரணத்துக்காக உதவவேண்டுமென்று இக்கூட்டத்தின் முன் பிரேரேபிக்கிறேன்.

நாம் பிள்ளையைக் கையைப்பிடித்து அழைத்துச் சென்று உபாத்தியாயரிடம் விடும்போது, அவர் நிதானமாயிருக்கிறார் என்ற நம்பிக்கையிலேதான் விட்டுவிட்டுத் திரும்புகிறோம். அவருடைய நிதானத்தைக் காப்பது நம் பிள்ளையைக் காப்பதேயாகும்.